இமிடசோல் பஃபருக்கு பிஎச் சரிசெய்ய வேண்டியது எங்கே: மூலக் கரைசலிலா, கடைசிப் பஃபரிலா?

மல்லேஸ்வரம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஆறு ஹிஸ்டிடின் வால் சேர்த்த ஒரு நொதியை ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து நிக்கல்-என்டிஏ ரெசினில், அதாவது ஹிஸ்டிடின் வாலைப் பற்றிக்கொள்ளும் நிக்கல் பொருத்திய மணிகளில், பிரித்தெடுத்து வருகிறேன். புரதத்தின் எடை 32 கிலோடால்டன். அமினோ அமில வரிசையிலிருந்து கணித்த சமமின்புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் பூச்சியமாகும் பிஎச், 8.9.

எங்கள் லேபில் வழிவழியாக வரும் செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 50 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஎச் 8.0. இதில் செல்களை உடைக்கும் பஃபருக்கு 10, வேண்டாத புரதங்களைக் கழுவும் வாஷுக்கு 20, நம் புரதத்தை ரெசினிலிருந்து கழற்றும் எல்யூஷனுக்கு 250 மில்லிமோலார் இமிடசோல். பாஸ்பேட்-உப்புக் கரைசலின் பிஎச்சை முதலில் 8.0-க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு 2 மோலார் இமிடசோல் மூலக் கரைசலைத் தேவையான அளவு சேர்ப்பது வழக்கம். குளிரறையில் அப்படிப்பட்ட மூலக் கரைசல் பாட்டில்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் மேல் 'பிஎச் 8.0' என்று எழுதியிருக்கிறது. மற்றொன்றில் செறிவு மட்டுமே இருக்கிறது. முதல் பாட்டிலை வைத்துச் செய்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் பாட்டிலுக்கு மாறியதும் இரண்டு தொல்லைகள் வந்தன. 20 மில்லிமோலார் வாஷிலேயே என் புரதம் கணிசமாக வெளியேறுகிறது; எல்யூஷனில் கிடைக்கும் புரதமும் குளிரறையில் ஓர் இரவு இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கிவிடுகிறது.

பிஎச் சரிசெய்யாத மூலக் கரைசல் இந்த இரண்டுக்கும் காரணமாக இருக்க முடியுமா? அப்படியானால் சரிசெய்ய வேண்டிய இடம் எது, மூலக் கரைசலா, கலந்து முடித்த கடைசிப் பஃபரா? லேபில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

குளிரறைக்காரர்

தங்கையே, இமிடசோலை உப்பைப்போல் ஒரு செயலற்ற சேர்க்கைப்பொருளாக நினைத்துக்கொள்வதில்தான் பல லேப்களில் குழப்பம் தொடங்குகிறது. அது ஒரு காரம். அதன் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டான் ஏற்றிருக்கும் பிஎச், 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 7. வெறும் நீரில் 2 மோலார் அளவுக்குக் கரைத்தால் கரைசலின் பிஎச் 10-ஐத் தாண்டி நிற்கும். அதை நேராக ஒரு பஃபரில் ஊற்றினால், அந்தப் பஃபரில் இருக்கும் அமிலப் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அதைத் தடுக்கும்.

மூலக் கரைசல் தயாரிப்பைச் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு எடை 68.08. ஆகவே 100 மில்லிலிட்டர் 2 மோலார் கரைசலுக்கு 13.6 கிராம் வேண்டும். 70 மில்லிலிட்டர் தூய நீரில் கரைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் புகைக்கூண்டுக்குள் வைத்துச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்க வேண்டும். பிஎச் 8.0-இல் நிறுத்துவதானால் இமிடசோலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதிதான் புரோட்டான் ஏற்றிருக்கும். அதற்கு 12 மோலார் அமிலம் ஏறத்தாழ 1.5 மில்லிலிட்டர் போதும். 7.4 வேண்டுமென்றால் கால் பங்குக்கு மேல் புரோட்டான் ஏற வேண்டும், அமிலம் 4.7 மில்லிலிட்டர் வரை போகும். அமிலம் சேரச்சேரப் பீக்கர் சூடாகும். சூட்டோடு சூடாகப் படித்த பிஎச்சை நம்பி நீரூற்றி அளவை முடித்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, மறுபடி பார்த்து, தேவையானால் ஒரு சொட்டு சேர்த்து, அதன் பிறகே 100-க்கு நிரப்ப வேண்டும்.

இன்னொன்று, கையுறை இல்லாமல் இந்தத் தூளைத் தொடாதீர்கள். தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பது பாட்டிலின் மேலேயே இருக்கிறது. கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே சீட்டில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. எடை போடும்போது தராசைச் சுற்றிச் சிந்தும் படிகத்தைத் துடைக்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கணக்குப்பிள்ளை

குளிரறைக்காரர் சொன்னது சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் இரண்டு தொல்லைகளையும் ஒரே காரணத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

50 மில்லிமோலார் பாஸ்பேட் பிஎச் 8.0-இல் இருக்கும்போது அதன் பெரும்பகுதி ஏற்கெனவே புரோட்டானை இழந்த வடிவத்தில்தான் இருக்கிறது. இந்த உப்புச் செறிவில் பாஸ்பேட்டின் பிகேஏவை 6.8 என்று கொண்டால், இமிடசோலுக்குக் கொடுக்க எஞ்சியிருக்கும் அமிலப் பங்கு வெறும் 3 மில்லிமோலார். இதில் 20 மில்லிமோலார் சரிசெய்யாத இமிடசோலைச் சேர்த்தால் பிஎச் 8.0-இலிருந்து 8.2 வரை ஏறும், அவ்வளவுதான். அதே பஃபரில் 250 மில்லிமோலார் சேர்த்தால் அந்த 3 மில்லிமோலார் அமிலமும் ஏறக்குறைய முழுதாகத் தீர்ந்து, பிஎச் 9-ஐ ஒட்டிப் போய் நிற்கும்.

எனவே வாஷ் பஃபருக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிஎச் சற்று ஏறியதால் பிடிப்பு தளர்ந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஹிஸ்டிடினிலிருந்து புரோட்டான் விலகியிருந்தால்தான் அது நிக்கலைப் பிடிக்கும், பிஎச் ஏறும்போது அந்த நிலைமை மேம்படவே செய்யும். எல்யூஷன் பஃபரின் கதை வேறு. உங்கள் புரதத்தின் சமமின்புள்ளி 8.9, பஃபரும் 9-ஐ ஒட்டியிருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிவைக்கும் மின்னூட்டம் போனபின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு கலங்குவதில் வியப்பில்லை. கலங்கலுக்குப் பாட்டிலைக் குற்றம் சொல்லுங்கள். வாஷில் புரதம் போவதற்கு வேறெங்காவது தேடுங்கள்.

ஜக்கூர் ஜானகி

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தலைப்பில் உள்ள கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் கட்சி: கடைசிப் பஃபரில்தான் சரிசெய்ய வேண்டும். மூலக் கரைசலைச் சரிசெய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் எல்யூஷன் பஃபரின் பிஎச்சை யாரும் பார்ப்பதே இல்லை. 2 மோலார் செறிவில் படித்த 8.0, எட்டு மடங்கு நீர்த்து, 300 மில்லிமோலார் உப்போடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தபின் அதே 8.0-ஆக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அயனிச் செறிவு மாறினால் பிகேஏவும் சற்று நகரும். எல்லாவற்றையும் கலந்து, இறுதி அளவுக்குச் சற்று முன்பு நிறுத்தி, அங்கே பிஎச் பார்த்தால் கதை முடிந்தது. மூலக் கரைசலை எப்படி வைத்திருந்தாலும் கவலையில்லை.

வெப்பநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமிடசோலின் பிகேஏ ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.02 இறங்குகிறது. ஏப்ரல் மாதத்தில் ஏசி இல்லாத மேசையின் மேல் வைத்துச் சரிசெய்த எல்யூஷன் பஃபரை 4 பாகைக் குளிரறைக்குக் கொண்டுபோனால் இமிடசோலின் பங்குக்கு மட்டும் 0.4-க்கு மேல் ஏற்றம் உண்டு. பாஸ்பேட் இவ்வளவு நகராது. டிரிஸ் என்ற பஃபர் இமிடசோலைவிடவும் அதிகம் நகரும். பிஎச் மீட்டரில் வெப்பநிலை ஈடுசெய்யும் வசதி இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த வசதி மின்முனையின் சரிவைத்தான் திருத்துகிறது. குளிரில் உங்கள் பஃபரின் பிஎச் உண்மையாகவே மாறுவதை அது என்ன செய்ய முடியும்? எந்த வெப்பநிலையில் புரதத்தை ஓட்டுகிறீர்களோ அந்த வெப்பநிலையில் பஃபரை வைத்து, மீட்டரையும் அங்கேயே அளவுத்திருத்தம் செய்து பாருங்கள்.

குளிரறைக்காரர்

ஜானகி அக்கா சொல்லும் வெப்பநிலை விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. மூலக் கரைசல் எப்படியிருந்தாலும் கவலையில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பொதுக் கருவியறையில் இருக்கும் மூலக் கரைசலைப் பத்துப் பேர் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செல் உடைக்கும் பஃபரில் ஒரு துளி கூட்டுவார், இன்னொருவர் வாஷ் நடக்கும்போதே செறிவை 20-இலிருந்து 30-க்கு உயர்த்தப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் பிஎச் மீட்டரைத் தேடி ஓடப்போவதில்லை. மூலக் கரைசல் ஏற்கெனவே பஃபரின் பிஎச்சுக்கு அருகில் இருந்தால் எந்த விகிதத்தில் கலந்தாலும் பெரிய விபத்து நேராது.

கருவியில் ஏ, பி என்ற இரண்டு பஃபர்களை வைத்து, பி பஃபரின் பங்கைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சரிவாக இமிடசோலைக் கூட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பி பஃபர் 9-இலும் ஏ பஃபர் 8-இலும் இருந்தால் அவர்கள் நடத்துவது இமிடசோல் சரிவு மட்டுமல்ல, தெரியாமலே ஒரு பிஎச் சரிவையும் சேர்த்து நடத்துகிறார்கள். வெளிவரும் உச்சிக்கு எது காரணம் என்று பிறகு சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை

இருவரும் சொல்வதைச் சேர்த்தே செய்யலாமே. மூலக் கரைசலைச் சரிசெய்வது ஒரு வேலை, கடைசிப் பஃபரைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரே ஒரு விலை உண்டு: சேர்த்த அமிலமெல்லாம் குளோரைடாக உள்ளே இருக்கிறது. 250 மில்லிமோலார் எல்யூஷன் பஃபரை 7.4-க்குக் கொண்டுவந்தால் கூடுதலாக ஏறத்தாழ 70 மில்லிமோலார் குளோரைடு சேர்ந்துவிடும். 300 மில்லிமோலார் உப்போடு ஒப்பிட்டால் பெரிதல்ல. ஆனால் அடுத்து அயனிப் பரிமாற்ற ரெசினுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டுக் கடத்துதிறன் ஏன் கூடியது என்று விழிப்பார்கள்.

நெல்லைப் புரதம்

இருபது ஆண்டுகளாக இந்த ரெசினோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், வாஷில் புரதம் போகும் பிரச்சினைக்கு வருகிறேன். அதற்கு முன் சிறிது பின்னணி. உலோக அயனியைக் கொண்டு புரதத்தைப் பிடிக்கும் முறையை 1975-இல் போரத்தும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் ரோஷ் நிறுவனத்தில் ஹோக்குலியும் டோபெலியும் என்டிஏவைக் கொண்டுவந்தார்கள். நிக்கலின் ஆறு பிணைப்பிடங்களில் நான்கை என்டிஏ எடுத்துக்கொள்கிறது. மீதி இரண்டில்தான் உங்கள் ஹிஸ்டிடின் வால் உட்கார வேண்டும். ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலியில் இருப்பது அதே இமிடசோல் வளையம் என்பதால், நாம் ஊற்றும் இமிடசோல் அந்த இரண்டு இடங்களுக்குப் போட்டியிடுகிறது. வால் ஒரு இடத்திலிருந்து நழுவினாலும் மற்றொன்றைப் பற்றிக்கொண்டிருக்கும். ஓரிரண்டு ஹிஸ்டிடினை மட்டும் வெளிக்காட்டும் ஈ. கோலைப் புரதங்களால் அது முடியாது. 20 மில்லிமோலார் பொதுவாக அவற்றை விரட்டப் போதும், வாலை விரட்டப் போதாது. இந்த வேறுபாட்டின் மேல்தான் முழு முறையும் நிற்கிறது.

ஆகவே ஆறு ஹிஸ்டிடினும் வெளியே தெரியும் புரதம் 20-இல் 'கணிசமாக' வெளியேறினால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த வாஷில் என்பதுதான். வாஷை ஊற்றியதும் முதலில் வருவது ரெசின் மணிகளுக்கிடையே தங்கியிருக்கும் பழைய லைசேட், அதாவது உடைத்த செல்களின் சாறு. அதில் இருக்கும் புரதம் வாஷால் கழன்றதல்ல, ஒருபோதும் பிடிக்கப்படாதது. வாஷ் முழுவதையும் ஒரே குழாயில் சேர்த்து, புரதங்களை எடைப்படி பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரெசின் அளவுக்குச் சமமான பகுதிகளாகத் தனித்தனிக் குழாயில் பிடியுங்கள். முதல் பகுதியில் பட்டை தடித்து மூன்றாவதில் மறைந்தால் ரெசின் நிரம்பி வழிந்திருக்கிறது என்று பொருள். எல்லாப் பகுதிகளிலும் சீராக ஒரே பட்டை வந்தால்தான் வால் உண்மையிலேயே தளர்வாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அப்போது இமிடசோலை 10-க்கோ 5-க்கோ குறைக்கலாம், வாலை எட்டு அல்லது பத்து ஹிஸ்டிடினாக நீட்டலாம், மறுமுனைக்கு மாற்றலாம்.

ரெசினின் நிறத்தையும் சொல்லுங்கள். நீலமாக இருந்தால் நிக்கல் இருக்கிறது. வெளுத்திருந்தால் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ எங்கிருந்தோ வந்து நிக்கலைக் கழற்றிவிட்டது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளான புரோட்டியேஸ்களைத் தடுக்கும் மாத்திரைகளில் ஈடிடிஏ சேர்த்த வகையும் சேர்க்காத வகையும் உண்டு, டப்பாவைப் பாருங்கள். பழுப்பாக மாறியிருந்தால் பஃபரில் சேர்த்த டிடிடி என்ற ஒடுக்கி நிக்கலை ஒடுக்கியிருக்கிறது.

மல்லேஸ்வரம் மாணவி

நன்றி ஐயா. ரெசின் நல்ல நீலமாகவே இருக்கிறது. மாத்திரை ஈடிடிஏ இல்லாத வகை. வாஷை இதுவரை ஒரே குழாயில்தான் பிடித்து வந்தோம்; செய்முறைத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு தகவலையும் சேர்க்க வேண்டும்: இரண்டாம் பாட்டிலுக்கு மாறிய அதே வாரத்தில்தான் வளர்ப்பு ஊடகத்தை ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டராக உயர்த்தினோம். ரெசின் அதே ஒரு மில்லிலிட்டர்தான். பகுதிகளாகப் பிடித்து ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

பொம்மசந்திரா பாலு

இதற்கிடையில் ஒரு துணைக் கேள்வி. எங்கள் நிறுவனத்தில் எல்யூஷன் பகுதிகளின் புரத அளவை 280 நானோமீட்டரில் பார்க்கிறோம். புரதமே இல்லாத எல்யூஷன் பஃபர்கூட ஓர் அளவீடு காட்டுகிறது. நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் பிசிஏ முறைக்கு மாறினால் எண்கள் இன்னும் குழம்புகின்றன. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஜக்கூர் ஜானகி

280-இல் உறிஞ்சுவது பெரும்பாலும் இமிடசோலில் உள்ள மாசுகள். தரம் குறைந்த இமிடசோலின் மூலக் கரைசல் மஞ்சளாகத் தெரியும். அதை வாங்கி மிச்சம் பிடித்த பணத்தை அளவீட்டுக் குழப்பத்தில் இழந்துவிடுவீர்கள். தூய தரத்தை வாங்கி, பழுப்புநிறப் பாட்டிலில் வையுங்கள். ஈரம் உறிஞ்சிக் கட்டியான பழைய தூளை எடை போட்டு 2 மோலார் என்று எழுதிவிடாதீர்கள். பூச்சியமாக்கும்போது அதே நாளில் அதே பாட்டிலிலிருந்து எடுத்த எல்யூஷன் பஃபரையே வைக்க வேண்டும், வெறும் நீரை அல்ல.

பிசிஏ முறையில் செம்பு அயனிதான் வேலை செய்கிறது. இமிடசோல் அதையும் பிடித்துக்கொள்ளும். 250 மில்லிமோலாரை அப்படியே வைத்து அளந்தால் எண்ணுக்குப் பொருளில்லை. சாயத்தைக் கொண்டு அளக்கும் பிராட்ஃபோர்டு முறை இமிடசோலை நன்றாகவே தாங்கும். இல்லையென்றால் முதலில் இமிடசோலை நீக்கிவிட்டு அளவிடுங்கள்.

ஜெல்லுக்கு மாதிரி தயாரிக்கும்போதும் கவனம் வேண்டும். அதிக இமிடசோலோடு மாதிரியைக் கொதிக்க வைத்தால் எளிதில் முறியும் சில பெப்டைடு பிணைப்புகள் உடையக்கூடும் என்பதால் 37 பாகையில் பத்து நிமிடம் வைப்பது நல்லது. இல்லாத சிதைவுப் பட்டைகளைப் பார்த்துவிட்டுப் புரோட்டியேஸைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பொம்மசந்திரா பாலு

நீக்குவதற்கு டயாலிசிஸா, உப்புநீக்கும் ஜெல்லா?

ஜக்கூர் ஜானகி

கலங்கும் புரதமானால் உப்புநீக்கும் ஜெல்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். உறுதியான புரதத்துக்கு இரவு முழுவதும் டயாலிசிஸ் போதும். வெளியேறும் நிக்கல் தடயங்களே சில புரதங்களைத் திரட்டிவிடும் என்பதால், நொதிக்கு உலோகம் தேவைப்படாத பட்சத்தில், ரெசினிலிருந்து வந்தபின் ஒரு மில்லிமோலார் ஈடிடிஏ சேர்ப்பேன். அந்தக் குழாயை மறுபடி நிக்கல் ரெசினில் ஏற்றும் திட்டம் இருந்தால் மட்டும் சேர்க்க மாட்டேன்.

தும்கூர் ரோடு

நான் சொல்லவருவது சிறிய செய்திதான். கோடையில் எங்கள் கட்டடத்துக்கு டேங்கரில் போர்வெல் நீர் வரும்போது ஆர்ஓ இயந்திரத்தின் வடிகட்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் பிஎச் 8-க்கு மேல் பாஸ்பேட் பஃபரில் மெல்லிய வெண்படலம் வந்தால் அதைப் புரதத்தின் கலங்கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கால்சியம் பாஸ்பேட்டாக இருக்கலாம். புரதம் சேர்க்காத எல்யூஷன் பஃபரையும் ஒரு குழாயில் அதே குளிரறையில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நீரின் மின்தடையைக் காட்டும் திரையில் 18.2 மெகாஓம்-செமீ வந்தபின் பிடித்த நீரையே பயன்படுத்துங்கள், பஃபரை 0.45 மைக்ரானில் வடிகட்டுங்கள்.

மல்லேஸ்வரம் மாணவி

முடிவுகளோடு வந்திருக்கிறேன். தும்கூர் ரோடு சொன்னபடி வெறும் எல்யூஷன் பஃபரைக் குளிரறையில் வைத்தேன்; தெளிவாகவே இருந்தது. ஆகவே கலங்கியது புரதம்தான். பெயர்ச்சீட்டில் பிஎச் இல்லாத பாட்டிலிலிருந்து செய்த எல்யூஷன் பஃபரை மீட்டரில் பார்த்தபோது 8.9 காட்டியது; கணக்குப்பிள்ளை சொன்ன இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வாஷ் பஃபர் 8.2. மூலக் கரைசலைப் புதிதாகத் தயாரித்து 7.4-க்குக் கொண்டுவந்தேன். பாஸ்பேட்டையும் 7.4-க்கே வைத்து, மூன்று பஃபர்களையும் குளிரறையில் மறுபடி சரிபார்த்த பிறகு ஓட்டினேன். எல்யூஷன் இரண்டு இரவுகளுக்குப் பிறகும் தெளிவாக இருக்கிறது.

வாஷைப் பகுதிகளாகப் பிடித்ததில் முதல் பகுதியில் தடித்த பட்டை, இரண்டாவதில் மங்கல், மூன்றாவதிலிருந்து ஒன்றுமில்லை. ரெசினில் பிடிக்காமல் வழிந்து வந்த லைசேட்டிலும் அதே பட்டை தடிப்பாக இருக்கிறது. இரண்டு லிட்டர் செல்லுக்கு ஒரு மில்லிலிட்டர் ரெசின் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எல்யூஷனில் என் புரதத்தோடு 25 கிலோடால்டன் அருகே ஒரு மெல்லிய பட்டை விடாமல் வருகிறது. ரெசினை இரண்டு மில்லிலிட்டராக்கினால் அது போய்விடுமா?

நெல்லைப் புரதம்

கூடிப்போகும். அந்த இடத்தில் அடிக்கடி தலைகாட்டுவது ஸ்லைடி என்ற ஈ. கோலைப் புரதம். அதன் முனையில் இயல்பாகவே ஹிஸ்டிடின்கள் நிறைந்திருப்பதால் நிக்கலை நன்றாகப் பிடிக்கும். ரெசின் நிரம்பியிருக்கும்போது உங்கள் புரதமே அதை இடத்திலிருந்து தள்ளிவிடும். காலியிடம் கொடுத்தால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே ரெசினை இரண்டாக்க வேண்டாம், ஒன்றரையில் நிறுத்துங்கள். வழியும் லைசேட்டில் சிறிது புரதம் போனால் போகட்டும். உங்கள் வால் 20-இல் அசையவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டதால், வாஷை 20-இல் தொடங்கி 40, 60, 80 என்று படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியையும் ஜெல்லில் பாருங்கள். உங்கள் புரதம் கழலத் தொடங்கும் படிக்கு ஒரு படி கீழே உங்களுடைய வாஷ் செறிவு இருக்கிறது. செய்முறைத் தாளில் உள்ள 20-ஐ அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். அதன் பிறகும் ஸ்லைடி மிஞ்சினால் ஜெல் வடிகட்டலுக்குப் போகலாம், அல்லது கோபால்ட் ரெசினை முயலலாம். அது பிடிப்பதில் நிக்கலைவிடக் கறாரானது, கொள்ளளவு மட்டும் சற்றுக் குறையும்.

குளிரறைக்காரர்

தங்கையே, அந்தப் பிஎச் எழுதாத பாட்டிலில் இன்னும் கரைசல் மிச்சமிருக்கிறதா? இருந்தால் கொட்ட வேண்டாம். செறிவு சரிதான், அமிலம்தான் சேரவில்லை. எவ்வளவு மிச்சமென்று அளந்துகொண்டு அமிலம் சேர்த்து 7.4-க்குக் கொண்டுவாருங்கள். அமிலத்தால் கூடிய கொள்ளளவைக் கணக்கில் எடுத்துப் புதிய செறிவைக் குறியுங்கள். 2 மோலாரிலிருந்து சற்று இறங்கி 1.9-ஐ ஒட்டி வரும். பெயர்ச்சீட்டில் செறிவு, பிஎச், எந்த வெப்பநிலையில் பார்த்தது, தேதி, தயாரித்தவர் பெயர் ஐந்தும் இருக்கட்டும்.

மல்லேஸ்வரம் மாணவி

அரைப் பாட்டில் இருக்கிறது அண்ணா. நாளை காலை சரிசெய்து சீட்டு ஒட்டிவிடுகிறேன். 60, 80 வாஷ் ஜெல்லை இதே இழையில் பதிகிறேன்.